சின்னப் பிள்ளைக்கு வீட்டில் விளையாட்டு அறை அமைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஓர் அறையையோ, கூடத்தின் ஒரு பக்கத்தையோ விளையாட ஒதுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறவுக்காரர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் இப்படி அறை அமைக்கும்போது கூட இருந்து பார்த்திருக்கிறேன். பணம் போதாமல் கெட்ட அறை குறைவு, வரிசை மாறிக் கெட்டவைதான் அதிகம். முதலில் பொம்மை வாங்குகிறார்கள். அதை வைக்க ஒரு அலமாரி வருகிறது. அப்புறம் சுவர் முழுக்க கார்ட்டூன் ஸ்டிக்கர். ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறி ஸ்டிக்கர் உரியும்போதுதான் சுவரைப் பார்க்கிறார்கள்.

இங்கே வரிசை நேர்மாறு. பிள்ளை, இடம், சுவர், ஆபத்து, தரை, அலமாரி, அதற்குப் பிறகுதான் பொருள். அறை சரியாக அமைந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்த இடத்தில் பெரியவர்கள் "தொடாதே", "சிந்தாதே", "எடுக்காதே" என்று எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது? அது குறையக் குறையப் பிள்ளை தானாக எதையாவது செய்து பார்க்கத் துணியும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த எண்ணிக்கையைக் குறைக்கத்தான்.

தொடங்கும் முன் தேவையானவை

ஓர் அளவு டேப், ஒரு நோட்டு, ஒரு டார்ச், பழைய வேட்டி இரண்டு. கூடவே, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்வதும் தேவை. அம்மா ஒத்துக்கொண்டு பாட்டி ஒத்துக்கொள்ளாத வீட்டில், பிள்ளை மண்ணில் கை வைத்த மறுநிமிஷம் சண்டை வரும். எந்த இடத்தில் சிந்தலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கையில் இருப்பதில் பாதிக்கு மேல் சுவர், தரை, அலமாரிக்கு ஒதுக்குங்கள். பொம்மைக்கு மிச்சம் போதும். பிறந்தநாளுக்கு வரும் பொம்மைகளே பெரும்பாலும் தேவைக்கு மேல் இருக்கும்.

1. ஒரு வாரம் எதுவும் வாங்காமல் பிள்ளையைக் கவனியுங்கள்

நோட்டை எடுத்து, பிள்ளை சும்மா விட்டால் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். பொம்மையின் பெயரை எழுத வேண்டாம், செய்கிற வேலையை எழுதுங்கள். ஊற்றுகிறதா, அடுக்குகிறதா, சுமந்து போகிறதா, ஒளித்து வைக்கிறதா, துணியைச் சுற்றிக்கொள்கிறதா, செருப்பை வரிசையாக வைக்கிறதா?

எனக்குத் தெரிந்த ஒரு மூன்று வயதுப் பையன், புதிதாக வந்த பிளாஸ்டிக் சமையல் செட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலி பெயின்ட் வாளியின் விளிம்பில் துணிக் கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டி, சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி முதலிலிருந்து மாட்டிக்கொண்டிருந்தான். கிளிப் வாயைத் திறக்க இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்த வேண்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அவன் அறைக்கு என்ன வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது: மாட்டுகிற, கோக்கிற, திறந்து மூடுகிற பொருள்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள், இணையத்தில் பார்த்த யாரோ ஒரு பிள்ளையின் அறையைத் தங்கள் பிள்ளைக்குக் கட்டுகிறார்கள்.

2. இடத்தை முடிவு செய்யுங்கள்

தனி அறை கட்டாயம் இல்லை. எட்டடிக்கு ஆறடி இருந்தாலே போதும். ஆனால் அந்த இடம் பெரியவர்கள் புழங்கும் இடத்திலிருந்து குரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளை தனியாக ஓர் அறையில் நெடுநேரம் இருக்காது. மாடியில் அழகாக அறை அமைத்துக் கொடுத்தால், பொம்மைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குத்தான் வந்து உட்காரும். அதனால் கூடத்தின் மூலை, தாழ்வாரம், சமையலறையை ஒட்டிய அறை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

முத்தியால்பேட்டை, மஞ்சக்குப்பம் பக்கம் அகலம் குறைந்து நீளமாகப் போகும் வீடுகளில் நடு அறைகள் பகலிலேயே இருட்டாக இருக்கும். அங்கே படம் வரையும் இடத்தை வைத்தால் நாள் முழுக்க விளக்கு எரிய வேண்டும். வாசல் பக்கமோ, கொல்லைப் பக்கமோ சன்னல் உள்ள இடத்தைத் தேடுங்கள். வடக்கு, கிழக்கு வெளிச்சம் நல்லது. மேற்குப் பார்த்த அறை சித்திரை, வைகாசியில் பிற்பகல் முழுக்கக் கொதிக்கும். வேறு வழியில்லை என்றால் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரைச்சீலை போட்டால் வெளிச்சம் போய்விடும், சூடு அப்படியே இருக்கும்.

இடம் முடிவானதும் தரையில் சாக்பீஸால் எல்லை போட்டு, இரண்டு மூன்று நாள் பிள்ளையை அங்கே விளையாட விடுங்கள். வீட்டில் யார் எந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். நடைவழியில் கட்டின கோபுரம் நிற்காது.

3. ஓதம், உப்புக்காற்று, மழைவெள்ளம்: இந்த மூன்றுக்கும் முதலில் பதில் சொல்லுங்கள்

கடலோர வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ அங்கே ஓதம் இருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பூசாணம் பிடித்தால் பிள்ளைக்குச் சளியும் இருமலும் விடாது. கசிவு எங்கிருந்து வருகிறது என்று கொத்தனாரை வைத்துப் பார்த்துச் சரிசெய்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த வேலை. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆகவே பூச்சு, பெயின்ட் வேலைகளை மாசியிலிருந்து ஆனிக்குள் முடித்துவிடுவது நல்லது.

பெயின்ட் வாங்கும்போது ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய வீடு என்றால் சன்னல் சட்டத்திலும் கதவிலும் பழைய எனாமல் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். அதைப் பிள்ளை வாயில் போட வாய்ப்பு அதிகம். அதை உலர்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாமல், ஈரப்படுத்தி நீக்கச் சொல்லுங்கள். அந்த நாள்களில் பிள்ளையை வேறு வீட்டில் விடுவது நல்லது.

அடுத்து மரம். மரத்தூள் அட்டையில் செய்த அலமாரி கடையில் பார்க்க நன்றாக இருக்கும். இந்தக் காற்றில் ஓரங்கள் ஊதிக்கொள்ளும், திருகாணி பிடிப்பு விட்டுவிடும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகையைக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கு அதுதான் தாங்கும். பழைய வீட்டிலிருந்து கழற்றின தேக்குச் சட்டமோ பலகையோ கிடைத்தால் இன்னும் நல்லது. திருகாணி, கீல் எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) அல்லது பித்தளை. சாதா இரும்புத் திருகாணி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும், அந்தக் கூர்முனை பிள்ளையின் கைக்குத்தான் முதலில் தட்டுப்படும்.

வெள்ளம் பற்றி இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல், 2015 மழை, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்டோம். கெடிலம், பெண்ணையாற்றை ஒட்டிய பகுதிகளிலும், புதுச்சேரியின் தாழ்வான நகர்களிலும் இருப்பவர்கள், தெருவில் முன்பு தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் சின்னக் கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதம், புத்தகம், துணி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேல். கீழே கழுவக்கூடிய பொருள்கள் மட்டும்.

4. ஆபத்துகளை அகற்றுங்கள்

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அறையைப் பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும்: மேசைக்கு அடியில் துருத்தும் ஆணி, தொங்கும் சார்ஜர் வயர், கட்டிலுக்கு அடியில் வைத்த கொசு மருந்து.

எடுத்து வைக்க வேண்டியவற்றில் எல்லோரும் மறப்பது அந்துருண்டை. பீரோவிலும் துணி மூட்டையிலும் போட்டிருப்போம். மிட்டாய் போலவே இருக்கும், விழுங்கினால் நஞ்சு. அதேபோல, ரிமோட்டிலும் சத்தம் போடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மை எதுவாக இருந்தாலும் அந்த அறைக்குள் வேண்டாம். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், வெளியே வருமா என்று காத்திருக்காதீர்கள்.

உயரமான அலமாரி எதுவாக இருந்தாலும் சுவரோடு எல் கிளாம்ப் (எல் வடிவ உலோகப் பட்டை) போட்டு இறுக்குங்கள். பிள்ளைக்கு இழுப்பறை ஒவ்வொன்றும் ஏணிப்படிதான். சன்னல் கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குறுக்கே கம்பி சேர்க்கச் சொல்லுங்கள். கீழ்மட்டத்து பிளக்குகளுக்கு மூடி போடுங்கள். மின்சாரப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் சின்னப் பொருள்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஏறத்தாழ 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் நுழையும் பொருள் தொண்டையையும் அடைக்கும். கேமரா பிலிம் டப்பா வைத்திருந்தால் அதில் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் காகிதத்தை அந்த அளவுக்குச் சுருட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

5. தரை

பளபளப்பான டைல்ஸில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும், கட்டைகளும் நழுவும். கூடத்தில் கட்டட விளையாட்டுக்குக் கோரைப் பாய் ஒன்று விரியுங்கள். காற்றோட்டமாக இருக்கும், உட்கார்ந்தால் உடம்பு சூடாகாது, வெயிலில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். பாய் விரித்த இடம் விளையாட்டின் எல்லையும் ஆகிவிடும். பாயில் கட்டினதை யாரும் மிதிக்கக் கூடாது என்பது பிள்ளைக்கும் புரியும், மாமாவுக்கும் புரியும்.

ஒன்றோடொன்று மாட்டும் ரப்பர் நுரை விரிப்பு வாங்குகிறவர்கள் அதிகம். விழுந்தால் அடிபடாது என்பது சரிதான். ஆனால் அதன் அடியில் ஈரம் தங்கிக் கறுப்பாகப் பூசாணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை தூக்கித் துடைக்க முடியும் என்றால் மட்டும் போடுங்கள்.

6. அலமாரி: தாழ்வாக, திறந்ததாக, ஆழம் குறைவாக

அறையில் அதிகப் பலன் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 86 செ.மீ. உயரம், மூன்று வயதில் 95, ஐந்து வயதில் 110. நின்றபடி மேல் அடுக்கில் இருப்பதைப் பார்க்கவும் எடுக்கவும் வேண்டுமானால், மூன்று வயது வரை அலமாரியின் மொத்த உயரம் 60 செ.மீ., அதற்குமேல் உள்ள வயதுக்கு 75 செ.மீ. வரை போகலாம். ஆழம் 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் பொருளுக்குப் பின்னால் பொருள் போகும், பின்னால் போனது பிள்ளையைப் பொறுத்தவரை இல்லாத பொருள். இரண்டு அடுக்கு போதும். நீளம் நாலடி இருந்தால் தாராளம்.

கதவு கூடாது. இதில் ஆசாரியோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டிவரும். "கதவு போட்டாத்தான்மா தூசி அண்டாது, பார்க்கவும் லட்சணமா இருக்கும்" என்பார். "வேணாம் அண்ணே, உள்ளே என்ன இருக்குன்னு பிள்ளை பார்த்துத் தானே எடுக்கணும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மூடிய அலமாரியில் வைத்ததைப் பிள்ளை உங்களிடம் கேட்டுத்தான் எடுக்கும். கேட்டு எடுக்கும் வரை அறை உங்களுடையது.

ஓரங்களை எல்லாம் வளைவாகத் தேய்க்கச் சொல்லுங்கள், முதலிலேயே சொன்னால் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. கால்களை மூன்று அங்குலம் உயர்த்தி வையுங்கள். தரை ஈரம் பலகையில் ஏறாது, அடியில் பெருக்கலாம், கரையான் மண் கோடு வந்தால் உடனே கண்ணில் படும்.

மேசை வேண்டுமானால் மூன்று வயதுக்கு 45 செ.மீ. உயரம், முக்காலி 25 செ.மீ. உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கால் தொங்கினால் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும், கையில் பிடிப்பு வராது. மணை வீட்டில் இருந்தால் முக்காலியே தேவையில்லை.

பெரிய பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டியைத் தவிர்க்கச் சொல்வேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்தால், பிள்ளை அடியில் இருப்பதைத் தேடுவதற்காகப் பெட்டியையே கவிழ்க்கும். பத்து நிமிஷம் கவிழ்த்த குப்பையின் நடுவே உட்கார்ந்துவிட்டு வெளியே ஓடிவிடும். அதற்குப் பதிலாக மூங்கில் தட்டு, பனை ஓலைக் கொட்டான், எவர்சில்வர் தாம்பாளம். ஒரு தட்டில் ஒரு வகைப் பொருள். தட்டோடு தூக்கிப் பாய்க்குக் கொண்டுபோய், தட்டோடு திருப்பி வைக்கலாம்.

7. இப்போது பொருள்கள்

அலமாரியில் ஒரே நேரத்தில் எட்டு தட்டுகளுக்கு மேல் வைக்காதீர்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சின்னப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். நாலு பொம்மை இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் தங்கி, அதிக விதமாக விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். வீட்டில் பார்ப்பதும் இதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பொத்தானை அழுத்தினால் பாடுகிற பொம்மை ஒன்றைத்தான் செய்யும், பிள்ளை அதை வேடிக்கை பார்க்கும். மரக்கட்டை தானாக எதுவும் செய்யாது, அதை வைத்துப் பிள்ளைதான் ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு பொருளைக் கையில் எடுத்து, இதை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று இரண்டோடு நின்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கட்டைகள்: முதல் இடம் இதற்கு. ஆசாரியிடமே மிச்ச மரத்தில் அறுத்து வாங்கலாம். அளவு முக்கியம். 14 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. கனம் என்று அடிப்படைக் கட்டை. அதில் பாதி நீளம், இரட்டை நீளம் என்று மற்றவை. இந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் இரண்டு அரைக்கட்டை ஒரு முழுக்கட்டையோடு பொருந்தி நிற்கும். அறுபது கட்டையாவது வேண்டும், இருபது வைத்து ஒரு வீடுகூட முடியாது. நன்றாக இழைத்துத் தேய்த்தால் போதும், வர்ணம் வேண்டாம்.

துணிகள்: பழைய புடவையை மூன்று கஜமாகக் கிழித்தது இரண்டு, துண்டு ஒன்று, கிளிப் பத்து. கூடாரம், படகு, தூளி, தாவணி, மீன்வலை எல்லாம் இதிலிருந்தே வரும். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் வயதில் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சொப்புச் சாமான்: மரத்திலோ மண்ணிலோ. கூடவே நிஜச் சமையலறையிலிருந்து ஒரு சின்னக் கரண்டி, வடிதட்டு, டம்ளர் இரண்டு. புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் சின்னப் பாத்திரங்கள் மலிவாகக் கிடைக்கும். விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். வில்லியனூர் சுடுமண் வேலையில் சின்னச் சட்டி பானைகள் நன்றாக இருக்கும். உடைந்தால் உடையட்டும், ஒரு சட்டி உடைந்த பிறகு பிள்ளை இரண்டு கையாலும் தூக்கப் பழகும். பண்ருட்டிக் கொலுப் பொம்மைகளை மட்டும் இந்த அலமாரிக்குக் கொண்டுவர வேண்டாம். அவை பார்ப்பதற்கானவை, வர்ணம் கையோடு வரும்.

பொறுக்கிச் சேர்த்தவை: சவுக்குக் காய், கிளிஞ்சல், தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி, புளியங்கொட்டை, பனங்கொட்டை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள், இல்லையென்றால் நாற்றம் அறையை விட்டுப் போகாது. இந்தப் பொருள்களுக்குப் பெயர் கிடையாது என்பதுதான் இவற்றின் பலம். சவுக்குக் காய் இன்றைக்குப் பணியாரம், நாளைக்கு முள்ளம்பன்றி.

இங்கே மூன்று எச்சரிக்கை. குன்றிமணி பல்லாங்குழிக்கு வழக்கமாக எடுப்பதுதான், ஆனால் விதை ஓடு உடைந்தால் கொடிய நஞ்சு, வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். ஆமணக்கு, அரளி விதைகளும் அப்படியே. மூன்றாவது கடலூர் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது: ஓட்டோடு இருக்கும் பச்சை முந்திரிக்கொட்டை. அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். தோப்பில் இருந்து வந்த உறவுக்காரர் விளையாடக் கொடுத்தாலும் வாங்கி உயரத்தில் வைத்துவிடுங்கள்.

கடையில் வாங்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். முத்திரை இல்லாத, பெயின்ட் வாசனை மூக்கைத் துளைக்கும் பொம்மை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

8. அழுக்காகும் மூலை

புதிதாக அறை அமைப்பவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். மண், தண்ணீர், வர்ணம் மூன்றும் இல்லாத விளையாட்டு அறையில் பிள்ளை பொருள்களை இடம் மாற்றலாம், புதிதாக எதையும் உருவாக்க முடியாது. கூடத்தில் இதற்கு இடமில்லை என்றால் கொல்லைத் தாழ்வாரமோ, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கமோ, பால்கனியோ சரியான இடம். தண்ணீர்க் குழாய், கழுவினால் ஓடும் தரை, இரண்டும் இருந்தால் போதும்.

தண்ணீர்: அகலமான தட்டையான பேசினில் நாலு விரல் ஆழத்துக்கு. புனல், பழைய ஷாம்பு பாட்டில், டீ வடிகட்டி. சின்னப் பிள்ளை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும் என்பதால், விளையாட்டு நடக்கும்போது ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும் என்பதும் ஒரு காரணம்.

களிமண்: கோதுமை மாவும் உப்பும் பிசைந்த மாவை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, கொஞ்சம் எண்ணெய். கோடையில் சரி. மழைக்காலத்துக் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்து, இரண்டே நாளில் பிசுபிசுவென்று ஆகிவிடும். குயவர் வீட்டிலிருந்து நல்ல களிமண் ஒரு வாளி வாங்கி, ஈரத்துணி போர்த்தி மூடி வைப்பதுதான் இங்கே பொருத்தம், ரொம்ப நாள் வரும். காய்ந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி பிசையலாம். களிமண் கையை முதலில் வாளித் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். நேராகக் குழாயடியில் கழுவினால் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வர்ணம்: மூன்றே மூன்று நிறம், சிவப்பு, மஞ்சள், நீலம். பச்சை எப்படி வருகிறது என்பதைப் பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கட்டும். பன்னிரண்டு நிறப் பெட்டியைக் கொடுத்தால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடும். வாயில் வைக்கும் வயதில் அரிசி மாவுக் கூழில் மஞ்சள், பீட்ரூட் சாறு கலந்து கொடுங்கள். கோரிமேட்டுச் செம்மண்ணைச் சலித்துத் தண்ணீரில் குழைத்தால் அருமையான காவி. தென்னை ஈர்க்கு நுனியை நசுக்கினால் தூரிகை. காகிதத்துக்குப் பக்கத்து அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் கீற்றுகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

பழைய வேட்டி இரண்டு கேட்டேனே, அது இதற்குத்தான். ஒன்று தரையில் விரிக்க, ஒன்றைக் கிழித்துத் துடைக்க. துடைக்கும் துணி பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். சிந்தியதைத் தானே துடைக்க முடிந்தால் சிந்துவதில் பயம் இருக்காது.

9. சுவர்

ஒரு பக்கச் சுவரில் மூன்றடி உயரம் வரை கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் போதும். பிள்ளை வரைந்ததைக் காட்டிவைக்க, அதன் கண்மட்டத்தில் ஒரு கயிறும் கிளிப்பும். பெரியவர் கண்மட்டத்தில் மாட்டியதைப் பிள்ளை அண்ணாந்துகூடப் பார்க்காது. எழுத்து, எண், பழங்களின் படம் போட்ட சார்ட்டுகளை இந்தச் சுவருக்கு வேண்டாம் என்பேன்.

10. முதல் நாளும் அதற்குப் பிறகும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து காட்ட வேண்டாம். மூன்று தட்டில் தொடங்குங்கள்: கட்டை, துணி, சொப்பு. இரண்டு நாளுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு புதுத் தட்டையும் எங்கிருந்து எடுப்பது, எங்கே திருப்பி வைப்பது என்று ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுங்கள். எப்படி விளையாடுவது என்பதைக் காட்ட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் அன்பு மிகுந்தவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "யானைக்குத் தும்பிக்கை எங்கடா கண்ணு? குடு, தாத்தா போட்டுத் தர்றேன்" என்பார். அடுத்த தடவை பிள்ளை களிமண்ணை நேராகத் தாத்தாவிடம் நீட்டும், "நீயே பண்ணு தாத்தா" என்று. பெரியவர்களுக்கு வேறு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் தனியாக ஓர் உருண்டை எடுத்து அவர்களும் தங்கள் பாட்டுக்கு ஏதாவது செய்யலாம். படத்தைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்பதற்குப் பதில், "இந்தப் பக்கம் நீலம் நிறைய வந்திருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். சொல்ல விருப்பம் இருந்தால் பிள்ளையே கதை முழுவதும் சொல்லும்.

"போரடிக்குது" என்று வந்து நின்றால் உடனே புதுத் தட்டு எடுத்து நீட்டாதீர்கள். பத்து நிமிஷம் பொறுங்கள். நல்ல விளையாட்டு பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

11. மாற்றி மாற்றி வைப்பது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளை தூங்கும்போது இரண்டு தட்டை மட்டும் பரணுக்கு ஏற்றி, வேறு இரண்டை இறக்குங்கள். எதைத் தொடவே இல்லையோ அதை எடுங்கள். கட்டையும் துணியும் நிரந்தரம், அவற்றை மாற்ற வேண்டாம். ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது என்றால் அலுக்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.

சாயங்காலம் ஒழுங்குபடுத்துவதைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். தட்டின் படத்தை அலமாரியில் அதன் இடத்தில் ஒட்டிவைத்தால், எது எங்கே என்று உங்களைக் கேட்க வேண்டியிராது. கட்டி முடிக்காத கோட்டையை மட்டும் கலைக்கச் சொல்லாதீர்கள். மறுநாள் தொடர இடம் விடுங்கள், அன்றைக்கு அந்தப் பக்கம் பெருக்காவிட்டால் குடி முழுகிப் போகாது.

12. மழைக்கு முன் ஒரு நாள்

புரட்டாசியில் ஒரு வெயில் நாளைப் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கட்டைகளையும் பாயையும் மொட்டைமாடியில் காய வைத்து, அலமாரியின் பின்பக்கம் பூசாணம், கரையான் பாருங்கள். துருவேறிய திருகாணியை மாற்றுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தி, கிளாம்பை அந்த இடைவெளிக்கு ஏற்ற நீளத்தில் திருப்பி இறுக்குங்கள், காற்று போக வழி வேண்டும். காகிதங்களை மூடியுள்ள டப்பாவில் போட்டு, சுவரில் போட்ட வெள்ளக் கோட்டுக்கு மேல் ஏற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்து கரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாள்களுக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வையுங்கள்: டார்ச் ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று, அட்டையில் வெட்டிய உருவங்கள் நாலைந்து. நிழலாட்டம் காட்ட அவ்வளவே போதும்.